காலண்டருக்குப் பின்னால் ஒரு சுவிட்ச்

மதுரையில் குளிரா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் விடியற்காலையில் பால் வாங்கப் போகிறவர்களில் யார் எவரென்று அடையாளம் தெரியாது. எல்லோர் தலையிலும் குரங்குக் குல்லா இருக்கும். அதன் மேல் ஒரு துண்டு. சிலர் நடந்து போகும்போதே அதற்கும் மேல் ஹெல்மெட் போட்டிருப்பார்கள். திருப்பரங்குன்றத்து மலை பனிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அந்த நாட்களில் ஃபேனை ஒன்றில் வைத்தால் கூட வீட்டில் சண்டை வரும்.

அந்த நடுங்கிகள் கூட்டத்துக்கு நான்தான் தலைவன். சித்திரை வெயிலிலும் வெந்நீரில் குளிக்கிறவன். பள்ளிக்கூடத்தில் அருவிக்குச் சுற்றுலா கூட்டிப் போனபோது எல்லோரும் கும்மாளம் போட, நாற்பது ஜோடிச் செருப்புக்குக் காவல் உட்கார்ந்திருந்தவன். இதெல்லாம் எனக்கு அவமானமாகத் தோன்றியதே இல்லை. திருமங்கலத்தில் ஒரு வீட்டுச் சாமான் கடையில் வேலை பார்க்கிறேன். பதினைந்து வருடமாக கீசர் விற்கிறேன். மற்ற சேல்ஸ்மேன்கள் வாயால் விற்பார்கள், நான் மனசார விற்பேன்.

இப்படிப்பட்டவனைப் பிடித்துத்தான் என் அம்மா சபரிமலைக்கு நேர்ந்துவிட்டாள்.

காரணம் என் தங்கை. கல்யாணமாகி ஏழு வருடத்தில் இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் ஐந்தாம் மாதம் தாண்டவில்லை. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. மூன்றாவதாக உண்டானபோது யாருக்கும் சொல்லவே பயந்தாள். அவள் புருஷன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். அதனால் அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். கட்டிலை விட்டு எழுந்திருக்கவே கூடாது, பாத்ரூமுக்குத் தவிர கால் கீழே படக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஹாலில் கட்டில் போட்டோம். எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளவாக்கில் இருக்கும். ஹாலில் படுத்தால் அடுக்களை, நடை, கொல்லைக் கதவு, அதற்கப்பால் பாத்ரூம் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஆறாம் மாதம் பிறந்த அன்று அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"இந்தப் பிள்ள நல்லபடியாத் தங்கணும், இந்த வருசமே மாலை போட்டு மலைக்கு வாரேன்னு ஐயப்பன்ட்ட வேண்டிக்கிட்டேன்டா."

"நல்லதும்மா. போயிட்டு வா. வயசானவுகளுக்குத் தனி வரிசை இருக்கு."

"நான் எங்குட்டு ஏற? எனக்குத்தான் முட்டி புடிச்சுக்கெடக்கே. நீதான் வாரன்னு வேண்டிக்கிட்டேன்."

வேண்டிக்கொண்டவள் அவள், நடுங்கப்போகிறவன் நான். எந்த ஊர் நியாயம் இது! அடுக்களையில் என் மனைவி பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். கட்டிலில் தங்கை வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டார்கள். போட்டுவிட்ட குருசாமி யார் தெரியுமா? எங்கள் தெரு ஆட்டோக்காரன். என்னைவிட ஆறு வயது சின்னவன். நேற்று வரை "மாப்ள, ஆட்டோவ வாசல்ல நிப்பாட்டாத" என்று அவனை விரட்டிக்கொண்டிருந்தேன். அவன் பதினெட்டு தடவை மலைக்குப் போனவனாம். இனி அவன் காலில் நான் விழ வேண்டும். விழுந்தேன். தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணும்போது பயலுக்கு உதடு ஓரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

"காலை, சாயங்காலம் ரெண்டு வேளையும் குளிக்கணும் சாமி. பச்சத்தண்ணியிலதான். வெந்நி ஆகாது."

"மார்கழியிலயும் பச்சத்தண்ணிதானா?" என்று கேட்டேன்.

"மார்கழியில கொஞ்சம் பலமாச் சரணம் சொல்லணும் சாமி" என்றான்.

அன்றே அம்மா ஒரு காரியம் செய்தாள். எங்கள் கீசர் சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே, நடையின் சுவரில் இருக்கிறது. அதற்கு நேர் மேலே ஆணி அடித்து, ஐயப்பன் படம் போட்ட பெரிய தினசரி காலண்டரை மாட்டிவிட்டாள். சுவிட்ச் ஐயப்பனின் முழங்காலுக்குப் பின்னால் போய்விட்டது. வீட்டுப் பெண்கள் குளிப்பதற்குப் படத்தைத் தொட்டுக் கும்பிட்டு, தூக்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டுக்கொள்ளலாம். மாலை போட்டவன் கையை உள்ளே விட வேண்டுமென்றால் சாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் விட வேண்டும். அரசாங்கத்தால் கூட இப்படி ஒரு பூட்டு யோசித்திருக்க முடியாது.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, கறுப்பு வேட்டியோடு பாத்ரூமுக்குள் போனேன். நீல டிரம் நிறையத் தண்ணீர். அரை மணி நேரம் செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "சாமியே சரணம்" என்று தெருவே கேட்கக் கத்தி, தலையில் ஊற்றினேன்.

குளிரவில்லை.

சத்தியமாகக் குளிரவில்லை. இதமாக இருந்தது. இரண்டாவது செம்பு ஊற்றினேன், மூன்றாவது ஊற்றினேன். எனக்குப் புல்லரித்துவிட்டது. நாற்பது வயது வரை பச்சைத் தண்ணீரைக் கண்டு ஓடினவனை ஒரே நாளில் இந்த ஐயப்பன் மாற்றிவிட்டானே என்று கண்ணில் தண்ணீர் வந்தது. ஈரத்தோடு வந்து அம்மாவிடம் சொன்னேன். அப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி பாயில் உட்கார்ந்திருந்தவள், "எல்லாம் அவன் செயல் சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கட்டிலில் தங்கையின் போர்வை கிடுகிடுவென்று ஆடியது. பாவம், குளிரில் நடுங்குகிறாள் என்று என் கம்பளியையும் எடுத்து அவள் மேல் போட்டேன். இன்னும் அதிகமாக ஆடியது.

அதற்கப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். வாடிக்கையாளர் ஒருத்தர் கீசர் பார்க்க வந்து, "சாமி நீங்க எதுல குளிக்கிறீங்க?" என்று சும்மா கேட்டுவிட்டார். "பச்சத்தண்ணிதான் சாமி. குளிரே தெரியாது. நம்பிக்கைதான் வேணும்" என்றேன். மனுஷன் கீசர் வாங்காமலேயே நம்பிக்கையோடு போய்விட்டார். முதலாளி என்னை மிக்சி பக்கம் மாற்றினார்.

வீட்டில் என் மனைவிக்கு இது பொற்காலம். மாலை போட்டவன் கோபப்படக் கூடாது, எதிர்த்துப் பேசக் கூடாது. அவளும் என்னைப் பேர் சொல்லாமல், 'ஏங்க' போடாமல், சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டாள். "சாமி, அந்த ஒட்டடையக் கொஞ்சம் அடிச்சிருங்க சாமி." "சாமி, கேஸ் சிலிண்டரத் தூக்கி உள்ள வைங்க சாமி." "சாமி சும்மாதான உக்காந்திருக்கீங்க, சின்ன வெங்காயத்த உரிங்க சாமி." ஐந்து வருடமாகச் செய்யாமல் தள்ளிப்போட்டிருந்த வேலை அத்தனையையும் ஐந்தே வாரத்தில் முடித்துவிட்டாள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேலை சொல்கிறவளிடம் என்னத்தைப் பேச முடியும்?

தங்கை ஒருத்திதான் என்னைச் சாமி என்று கூப்பிட மாட்டேன் என்றுவிட்டாள். "இவனப் போயிச் சாமின்னு சொன்னா, நிஜச் சாமி கோவிச்சுக்கும்மா" என்பாள். அம்மா அதட்டுவாள். அவள் அசையவில்லை. அவளுக்கு நான் அண்ணேதான்.

ஒரு நாள் விடியற்காலையில் பூஜைக்கு வந்த குருசாமி, எங்கள் டிரம்மில் தண்ணீர் மோந்து கால் கழுவினான். கழுவினவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"என்ன சாமி, தண்ணி வெதுவெதுன்னு இருக்கு?"

நான் பெருமையாக, "எல்லாருக்கும் அப்படித் தெரியாது குருசாமி" என்று தொடங்கினேன். அதற்குள் அம்மா எங்கிருந்தோ ஓடி வந்து, "போர் தண்ணி சாமி. பூமிக்குள்ள இருக்க சூடு, காலையில அப்படித்தான் வரும்" என்றாள். அவன் டிரம்மைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், "சாமி சரணம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான். எனக்கு வருத்தமாக இருந்தது. ஒரு மகிமையை இப்படிப் போர் தண்ணீர் என்று சொல்லி மட்டம் தட்டுகிறாளே என்று நினைத்தேன்.

மார்கழி பிறந்தது. வாடிப்பட்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு அம்மா இரண்டு நாள் போனாள். முதல் நாள் காலை வழக்கம் போலச் சரணம் சொல்லி, செம்பு நிறைய மோந்து ஊற்றினேன்.

ஐயையோ! அதை எப்படிச் சொல்வது? உச்சந்தலையில் விழுந்த தண்ணீர் உள்ளங்கால் வழியாக என் உயிரை வெளியே இழுத்துக்கொண்டு போனது. நான் போட்ட சத்தத்துக்கு எதிர் வீட்டுச் சேவல் கூவுவதை நிறுத்திவிட்டது. பல் அடித்துக்கொண்டதில் சரணம் துண்டு துண்டாக வந்தது. ஒரே நாளில் ஐயப்பன் என்னைக் கைவிட்டுவிட்டான் என்று நடுங்கிப்போனேன். முந்தின நாள் மனைவியை மனசுக்குள் ஒரு வார்த்தை திட்டியிருந்தேன். அதுதான் குற்றம் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு நான் நடையில் காலண்டர் முன்னால் நின்றேன். ஐயப்பன் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்க்காமல், தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை உள்ளே விட்டேன். டக்கென்று சத்தம். திரும்பினால் ஹாலில் தங்கை கண்ணை அகல விழித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். உதட்டில் விரல் வைத்து, "அம்மாட்ட சொல்லிராத" என்று சைகை காட்டினேன். அவள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். போர்வை ஆடியது.

அம்மா ஊரிலிருந்து வந்த பிறகாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அந்தத் தண்ணீரை மறுபடி தலையில் ஊற்றிப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. தினமும் காலையில் அம்மா எழுந்துவிடாமல் பூனை போல நடந்து, ஐயப்பனின் முழங்காலுக்குப் பின்னால் கையை விட்டு, வாளி நிறைய வெந்நீர் பிடித்து, செம்மையாகக் குளித்தேன். அப்புறம் ஒன்றும் அறியாத முகத்தை வைத்துக்கொண்டு பூஜையில் உட்கார்ந்தேன். பொய் சொல்ல விரும்பவில்லை, எனக்கு அப்போது குற்ற உணர்ச்சி ஒன்றும் பெரிதாக இல்லை. வெந்நீர் அவ்வளவு நன்றாக இருந்தது.

மார்கழி பிறந்த எட்டாம் நாள் மத்தியானம் கடைக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது. தங்கைக்கு வலி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம், உடனே வாங்க என்றாள். சாமி என்று சொல்ல மறந்துவிட்டாள். வெறுங்காலோடு ஓடி பஸ்ஸில் ஏறினேன். திருமங்கலத்திலிருந்து மதுரை வரை பஸ் நின்ற ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த டக் சத்தம் எனக்குக் கேட்டது. நான்தான் காரணம். என் உடம்பு சுகத்துக்காகத் தங்கச்சி பிள்ளையை விற்றுவிட்டேன். இதைத் தவிர வேறு எதுவும் எனக்கு நினைக்கத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனைவி சுவரோரம் நின்றாள். தங்கையை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். என்னைக் கண்டதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"நான் பண்ணுன பாவம்டா. நான் பண்ணுன பாவம்தான் எம்பிள்ள வயித்துல வந்து விடிஞ்சிருக்கு."

"நீ என்னம்மா பண்ணுன?"

"மொத நாளே பண்ணிப்புட்டேன். நாலரைக்கு எந்திரிச்சு, ஒரு குண்டான் வெந்நி கொதிக்க வச்சு, ஒனக்குத் தெரியாம டிரம்முல ஊத்திட்டு வந்து தூங்குற மாதிரி படுத்துக்கிருவேன். சாயங்காலத் தண்ணி வெயில்ல காஞ்சிருக்கும், அது பரவாயில்ல. ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளைய இந்தக் குளிர்ல வதைக்கிறமேன்னு மனசு கேக்கலடா."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் விளங்கியது. என் மகிமை, என் புல்லரிப்பு, கடையில் நான் அடித்த பிரசங்கம் எல்லாமே ஒரு குண்டான் வெந்நீர். இடம் மட்டும் ஆஸ்பத்திரியாக இல்லாவிட்டால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். எனக்கும் அழுகைதான் வந்தது. "நானும்தாம்மா" என்று கீசர் கதையைச் சொன்னேன். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"டிரம்முல ஊத்துனது போதலன்னு கீசர் வேற போட்டியாடா? தோலு என்னத்துக்கு ஆகும்?"

மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அரை மணி கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். பயப்பட ஒன்றும் இல்லை, துடிப்பு நன்றாக இருக்கிறது, மூன்று நாள் இங்கே இருக்கட்டும், வீட்டுக்குப் போனால் இன்னும் கவனமாக இருக்கணும் என்றார். அம்மா அந்த அம்மாள் காலில் விழப்போனாள். நான் பிடித்துக்கொண்டேன்.

தங்கை வீட்டுக்கு வந்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் திருந்தியது கொஞ்சநஞ்சமில்லை. நான் பச்சைத் தண்ணீரில் நிஜமாகவே குளித்தேன். அம்மா பரிகாரம் என்று சொல்லித் தானும் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்க ஆரம்பித்தாள். நான் கத்துவேன், பிறகு அவள் கத்துவாள். பகலெல்லாம் இரண்டு பேரும் மாறி மாறித் தும்முவோம். வீட்டில் டிவி கிடையாது, வேடிக்கைப் பேச்சு கிடையாது. மனைவி கூட வெங்காயம் உரிக்கச் சொல்லவில்லை. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது.

தங்கை சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். சாப்பாடு அரைத் தட்டு அப்படியே திரும்பியது. பழைய மாதிரி ஆகிவிடுவாளோ என்று எங்களுக்குப் பயம். எங்கள் பயம் அதிகமாக ஆக, பக்தியும் அதிகமாகி, குளியலும் அதிகமாகியது.

பத்தாவது நாள் காலையில் நான் தும்மிக்கொண்டே திருநீற்றுத் தட்டோடு அவளிடம் போனேன். பின்னாலேயே அம்மா ஈரத் தலையோடு தும்மிக்கொண்டு வந்தாள். தங்கை எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நிப்பாட்டுங்க ரெண்டு பேரும்! யாரு ஒங்கள இப்படி இருக்கச் சொன்னா?"

"ஒனக்காகத்தான..." என்றாள் அம்மா.

"எனக்காகவா? நாலரைக்கு நீ குண்டானத் தூக்கிட்டு வாயில வெரல வச்சு, அண்ணன்ட்ட சொல்லிராதம்ப. அஞ்சுக்கு இவன் சுவிட்சப் போட்டுட்டு வாயில வெரல வச்சு, அம்மாட்ட சொல்லிராதம்பான். நீ படுத்துத் தூங்குற மாதிரி நடிப்ப. இவன் ஒன்ன எழுப்பிறக் கூடாதுன்னு பூன நட நடப்பான். அம்புட்டையும் நான் ஒருத்தி பாத்துக்கிட்டுக் கெடந்தேன். சிரிப்ப அடக்க முடியாமப் போர்வையக் கடிச்சுக்கிட்டுக் கெடப்பேன். நான் சிரிக்கயில எல்லாம் இது உள்ள கெடந்து ஒதைக்கும். காலங்காத்தால அந்த ஒதைய வாங்குனாத்தான், சரி, இன்னைக்கும் இருக்குன்னு எனக்கு உசுரு வரும்."

அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இப்பப் பத்து நாளா யாரும் திருடல. நானும் சிரிக்கல. இது அசையுதா அசையலையான்னு ராவும் பகலும் வயித்தத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே கெடக்கேன். எனக்குப் பயமா இருக்குண்ணே."

அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் எதைப் பாவம் என்று பயந்தோமோ அதுதான் இவளை இத்தனை நாள் தாங்கியிருக்கிறது. இப்போது என்ன செய்வது? திருடாவிட்டால் இவள் சிரிக்க மாட்டாள். திருடினால் நேர்த்திக்கடன் போச்சு. அன்று மத்தியானம் கொல்லையில் நின்று அம்மாவும் நானும் நெடுநேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்.

மறுநாள் நாலரை மணிக்கு அம்மா முந்தானையால் குண்டானைப் பிடித்துக்கொண்டு, கை சுடுகிற மாதிரி ஸ் ஸ் என்று சொல்லிக்கொண்டே கொல்லைக்குப் போனாள். குண்டான் காலி. ஐந்து மணிக்கு நான் எழுந்து, காலண்டர் முன்னால் நின்று, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்து, ஐயப்பனுக்கு ஒரு கும்பிடு போட்டு, கையை உள்ளே விட்டேன். டக். கீசரின் ஃபியூஸை முந்தின நாளே பிடுங்கி என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். தங்கையைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தேன். போர்வை ஆடியது. பத்து நாளுக்குப் பிறகு ஆடியது.

பாத்ரூமுக்குள் இருந்தது சுத்தமான மார்கழித் தண்ணீர். ஆனால் இப்போது கத்தக் கூடாது. வெந்நீரில் குளிக்கிறவன் கத்துவானா? துண்டை வாயில் திணித்துக்கொண்டு தலையில் ஊற்றினேன். கண்ணில் பூச்சி பறந்தது. வெளியே வரும்போது, "ஆஹா" என்று ஒரு சுகமான முகத்தை வரவழைத்துக்கொண்டு வந்தேன். பச்சைத் தண்ணீரில் குளிக்கிறேன் என்று ஊரை ஏமாற்றியவன், இப்போது வெந்நீரில் குளிக்கிறேன் என்று தங்கையை ஏமாற்றினேன். முதல் ஏமாற்று எனக்குச் சுலபமாக இருந்தது. இரண்டாவதில் உயிர் போனது. திருநீறு பூசுகிற விரல் ஜில்லென்று காட்டிக் கொடுத்துவிடுமே என்று, கற்பூரத் தட்டின் மேல் கையைக் காட்டிச் சூடு பண்ணிக்கொண்டுதான் அவள் நெற்றியைத் தொடுவேன்.

நாளுக்கு நாள் எங்களுக்கு நடிப்பு ஏறிவிட்டது. ஒரு நாள் குண்டானோடு அம்மாவும் துண்டோடு நானும் நடையில் வேண்டுமென்றே நேருக்கு நேர் முட்டிக்கொண்டு, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி சுவரோடு சுவராக ஒதுங்கிப் போனோம். தங்கை தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டு காலியாக வர ஆரம்பித்தது.

மார்கழி முடிய இருக்கும்போது இருமுடி கட்டுகிற நாள் வந்தது. குருசாமி வாசலில் ஆட்டோவை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். நேரமாகிவிட்டது. பாத்ரூமிலிருந்து ஈர வேட்டியோடு ஓடி வந்து, கற்பூரம் ஏற்றக்கூட நிற்காமல், திருநீற்றை எடுத்துத் தங்கையின் நெற்றியில் பூசினேன்.

அவள் உடம்பு திடுக்கென்று ஒடுங்கியது. என் கட்டைவிரல் ஐஸ்கட்டி. அவள் என் கையைப் பிடித்து, தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். என் தலைமுடியிலிருந்து சொட்டின தண்ணீர் அவள் கையில் விழுந்தது. அதையும் தொட்டுப் பார்த்தாள். அடுக்களை வாசலில் காலிக் குண்டானோடு நின்றிருந்த அம்மாவைப் பார்த்தாள்.

"வெந்நி நல்லாச் சுட்டுச்சாண்ணே?" என்றாள்.

"நல்லாச் சுட்டுச்சு" என்றேன். பல் அடித்தது.

அவள் சிரிக்கவில்லை. போர்வை நுனியை எடுத்து என் கையைத் துடைத்துவிட்டாள். பிறகு குனிந்து, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சாமி சரணம், சாமி" என்றாள்.

அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். மலை ஏறும்போது கால் வலிக்கிற இடத்தில் எல்லாம் நான் சொன்ன சரணம் அதற்குத்தான்.

மாசியில் பெண் பிறந்தது. நல்ல எடை, நல்ல தொண்டை. வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு முதல் குளியலுக்கு அம்மா காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைப் போட்டுக்கொண்டாள். மனைவி வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் வாளியில் விளாவினாள். மாலையைக் கழற்றியாகிவிட்டதால் எனக்கு வீட்டில் பழைய மரியாதைதான். "டேய், மறைக்காத, தள்ளி நில்லு" என்று அம்மா விரட்டினாள்.

"அவன் இருக்கட்டும்மா" என்றாள் தங்கை. "அண்ணே, சூடு சரியா இருக்கான்னு நீ பாரு. ஒனக்குத்தான் தெரியும்."

வாளிக்குள் கையை விட்டேன். சரியாக இருந்தது.